கலாநிதி ஆய்வும் மேற்பார்வையாளர் தெரிவும்

இலங்கைத் தகைமைகள் சட்டகம், அதாவது நாட்டின் கல்வித் தகைமைகளைப் பன்னிரண்டு மட்டங்களாக நிரைப்படுத்தும் ஏற்பாடு, சிறப்புப் பட்டத்தை 6ஆம் மட்டத்திலும், ஆய்வை முதன்மையாகக் கொண்ட முதுதத்துவமாணியை 11ஆம் மட்டத்திலும், கலாநிதிப் பட்டத்தை அனைத்துக்கும் மேலாக 12ஆம் மட்டத்திலும் வைக்கின்றது. இப்பட்டத்தை ஏனையவற்றிலிருந்து வேறாக்குவது அதன் உயரம் மட்டுமன்று. கீழ்மட்டங்களில் பெரும்பாலும் பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழகம் வகுத்து வைத்திருக்கின்றது. கலாநிதி ஆய்விலோ இதுவரை எவரும் விடை காணாத ஒரு வினாவை மாணவரே கொண்டுவர வேண்டியிருக்கின்றது. ஆகவே, எந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கும் என்று தேடத் தொடங்குவதற்கு முன்னர், வினா எது, அவ்வினாவை வழிநடத்த வல்லவர் யார் என்னும் இரண்டும் தெளிவாக வேண்டும்.

ஈழத்துத் தமிழியலின் வரலாறு இவ்வொழுங்கிற்குச் சான்று தருகின்றது. க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனின் மேற்பார்வையிலேயே தம் கலாநிதி ஆய்வுகளைச் செய்தனர். தொம்சன் தமிழ்த்துறையைச் சார்ந்தவர் அல்லர், கிரேக்கப் பேராசிரியர். ஆயினும் பண்டைய இலக்கியத்தை அது தோன்றிய சமூகத்தோடு இணைத்து நோக்கும் முறையில் அவர் தேர்ந்திருந்தமையால், ஒருவர் தமிழ் வீரயுகக் கவிதையையும் மற்றவர் பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தையும் ஆராய்வதற்கு அவரது வழிகாட்டல் பொருந்திற்று. கல்முனைக்குடியில் 1944இல் பிறந்த எம். ஏ. நுஃமான் மொழியியலில் கலாநிதிப் பட்டம் பெற்றது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். மேற்பார்வையாளரிடம் தேட வேண்டியது பொருளறிவு மட்டுமன்று, ஆய்வுமுறையில் தேர்ச்சியும் ஆகும் என்பதைக் கைலாசபதி, சிவத்தம்பி ஆகிய இருவரின் தெரிவு காட்டுகின்றது.

அக்காலத்தில் கடல் கடந்தும் தேட வேண்டியிருந்த உயர்கல்வி, 1995இல் அட்டாளைச்சேனையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, மறு ஆண்டிலேயே முழுப் பல்கலைக்கழகமாகி, இன்று ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தினால் இலங்கையின் தென்கிழக்குக் கரைக்கே வந்து சேர்ந்திருக்கின்றது. ஆய்வுக்குரிய பொருள்களும் இங்கு குறைவில்லை. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் களஆய்வு செய்து, இப்பகுதித் தமிழரும் முஸ்லிம்களும் பேணிவரும் தாய்வழிக் குடிமுறை பற்றி விரிவாக எழுதியிருக்கின்றார்.

எனினும் பொருள் வேறு, வினா வேறு. ஒலுவில் கரையோர அரிப்பு என்பது ஒரு பொருள். அங்குள்ள துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் கரையோர மணல் நகர்வை எவ்வாறு மாற்றின என்பது புவியியல் வினா; கரையை இழந்த மீனவர் தோணி நிறுத்தும் உரிமையைத் தமக்குள் எவ்வாறு பங்கிட்டனர் என்பது சமூகவியல் வினா. வினா மாறும்போது துறையும், தரவு திரட்டும் முறையும், மேற்பார்வையாளரும் மாறுகின்றனர். வினா, முன்னைய ஆய்வுகள், முறை, காலத்திட்டம் ஆகியவற்றைச் சுருக்கமாகக் கூறும் ஆய்வு முன்மொழிவு இத்தெளிவிலிருந்தே எழுதப்பட வேண்டும்.

மேற்பார்வையாளராக வேண்டுபவருக்கு எழுதும் முதற் கடிதம், அவருடைய கட்டுரைகளுள் ஒன்றிரண்டையேனும் வாசித்த பின்னரே எழுதத்தக்கது. ஒரே கடிதத்தைப் பெயரை மட்டும் மாற்றிப் பலருக்கு அனுப்புவதை அனுபவமுள்ள பேராசிரியர்கள் எளிதில் கண்டுகொள்வர். எத்தனை மாணவரை அவர் ஏற்கெனவே வழிநடத்துகின்றார், எப்போது ஓய்வுபெறுகின்றார் என்பவற்றைப் பணிவுடன் விசாரித்து அறிவதில் தவறில்லை. ஆய்வின் நடுவில் வழிகாட்டியை இழப்பவரின் இடர் பெரிது.

அனுமதி குறித்த அச்சங்களுள் சில தேவையற்றவை. பொதுப் பட்டம் மட்டுமே பெற்றவர்கள் முதுமாணி, முதுதத்துவமாணி என்னும் வழியாக மேலே செல்லலாம். பாடசாலையில் கற்பிக்கும் ஆசிரியர்கள் பகுதிநேரப் பதிவுக்கு இடமுள்ள கற்கைநெறிகளை நாடலாம். வேறு சில அச்சங்கள் நியாயமானவை. பிறநாட்டு நிறுவனமொன்றில் பணம் செலுத்துவதற்கு முன்னர், அதன் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கின்றதா என உறுதிசெய்யாதவர்கள், பல ஆண்டு உழைப்பின் முடிவில் பயன்படாத சான்றிதழோடு நிற்க நேரலாம்.

பதிவுக்குப் பின்னர் எழும் பிணக்குகள் பெரும்பாலும் சொல்லப்படாத எதிர்பார்ப்புகளிலிருந்து பிறக்கின்றன. எத்தனை வாரங்களுக்கு ஒருமுறை சந்திப்பது, அத்தியாயத்தைப் படித்துக் கருத்துக் கூற எவ்வளவு காலம், வெளியாகும் கட்டுரையில் எவர் பெயர் முதலில் வரும் என்பன தொடக்கத்திலேயே பேசி முடிவுசெய்யப்பட வேண்டியவை. ஒவ்வொரு சந்திப்பின் பின்னரும் முடிவுகளை எழுத்தில் அனுப்பிவைப்பது இருவரையும் காக்கும். ஆசிரியரை மதிக்கும் பண்பு ஆழமாக வேரூன்றிய நம் சமூகத்தில் மாணவர் கருத்து வேறுபாட்டை மறைத்துக்கொள்வதுண்டு. ஆனால் வாய்மொழிப் பரீட்சையில் பரீட்சகர்கள் முன் அமர்ந்து ஆய்வேட்டை நிலைநாட்ட வேண்டியவர் மாணவரே. மேற்பார்வையாளர் சொன்னார் என்பது அங்கே விடையாகாது. மேற்பார்வையாளரோடு மரியாதை குறையாமல், ஆதாரத்தோடு மாறுபடப் பழகுவது, ஆகவே, ஆய்வுப் பயிற்சியின் ஒரு பகுதியே ஆகும்.