ஒரு சொல்லும் நம் முன்னோடிகளும்

 

மதங்களின் தோற்றத்தை ஆராய்வோர் ‘யூஹெமரிசம்’ என்பார்கள். தெய்வங்களாக வணங்கப்படுவோர் முன்பு வாழ்ந்த மனிதர்களே என்ற கருத்து அது. கி.மு. 300 வாக்கில் வாழ்ந்து, ஸியூஸும் ஓர் அரசனே என்று எழுதிய கிரேக்கர் யூஹெமெரஸின் பெயரால் வந்த சொல். ‘யூ’ என்றால் நல்ல. ‘ஹெமெரா’ என்றால் நாள்.

நமக்கு இது புதிதல்ல. நூஹ் (அலை) அவர்களின் சமுதாயம் வணங்கிய வத்து, ஸுவாஉ முதலான ஐந்தும் நல்லடியார்களின் பெயர்களே என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியது புகாரியில் உள்ளது. சிலை முதலில் நினைவுக்குத்தான் வைத்தார்கள். விவரம் அறிந்தவர்கள் மறைந்த பிறகே வணக்கம் வந்தது.

நான் வியாபாரி. வரவை மட்டும் எழுதினால் அது கணக்காகாது. இந்த 50 ஆண்டு வரலாற்றில் நம் முன்னோடிகளின் உழைப்போடு தவறுகளையும் எழுதி வைப்போம். அவர்களுக்காக துஆவும் செய்வோம்.