ஓடும் தரவுத்தளத்துக்கு ஓர் இரட்டை

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தரவுத்தளத்தை, அதாவது கணக்குகளும் பெயர்களும் நொடிதோறும் மாறிக்கொண்டிருக்கும் மின்னணுப் பதிவேடுகளின் தொகுதியை, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வரிசையாகப் படியெடுத்தால் கிடைக்கும் நகல், எந்த ஒரு நொடியிலும் உண்மையில் நிலவியிராத ஒரு நிலையையே காட்டும். ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்கு 5,000 ரூபாய் காலை 10 மணிக்கு மாற்றப்படுகிறது என்று கொள்ளலாம். பணம் சேரவேண்டிய பக்கம் 9 மணிக்கும், பணம் கழியவேண்டிய பக்கம் 11 மணிக்கும் படியெடுக்கப்பட்டிருந்தால், நகலில் ஒருவருக்குக் கழிந்த தொகை மற்றவருக்குச் சேராமலே போயிருக்கும்.

ஐபிஎம் நிறுவனம் 1964 ஏப்ரலில் அறிவித்த சிஸ்டம்/360 வரிசையின் வழிவந்த மெயின்ஃப்ரேம் கணினிகளில், 1983-இல் அறிவிக்கப்பட்ட டிபி2 என்னும் தரவுத்தள மென்பொருள் இன்றும் பெரிய வங்கிகளின் கணக்குகளைத் தாங்கி வருகிறது. புதிய நிரலைச் சோதிக்கவும், அடுத்த பதிப்புக்கு மாறுவதை ஒத்திகை பார்க்கவும் அத்தகைய தரவுத்தளத்துக்கு அதே அளவும் அமைப்பும் கொண்ட இரட்டை ஒன்று தேவைப்படுகிறது. அதற்காக மூலத்தைப் பல மணி நேரம் மூடிவைக்க எந்த வங்கியாலும் இயலாது.

இந்தச் சிக்கலுக்கு விடை, கணக்கெழுதுவோர் நெடுங்காலமாகக் கையாளும் ஒழுங்கிலேயே இருக்கிறது. நடவடிக்கையை முதலில் குறிப்பேட்டில் பதிந்து, பின்னரே பேரேட்டுக்கு எடுத்தெழுதுவது போல, டிபி2-வும் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் ‘லாக்’ எனப்படும் குறிப்பேட்டில் எழுதிய பிறகே உரிய பக்கத்தை வட்டில் திருத்துகிறது. ஆகவே ஒரு நொடியில் பேரேட்டுப் பக்கங்கள் பழையதும் புதியதுமாகக் கலந்து கிடந்தாலும், அதே நொடிவரையிலான குறிப்பேடு உடனிருந்தால், விடுபட்டதை எழுதவும் முடிவுறாததை அழிக்கவும் முடியும். நகலின் நம்பகத்தன்மை முழுவதும் இந்தக் குறிப்பேட்டைச் சார்ந்தே நிற்கிறது.

எனவே முதன்மையாக நிறுத்தப்படவேண்டியது தரவுத்தளமன்று, குறிப்பேடுதான். ‘செட் லாக் சஸ்பெண்ட்’ என்னும் கட்டளை கிடைத்ததும், டிபி2 நினைவகத்தில் தேங்கியிருக்கும் குறிப்புகளை வட்டில் எழுதிவிட்டு, புதிய பதிவுகளைத் தடுத்து வைக்கிறது. படிப்போர் தொடர்ந்து படிக்க, எழுத வந்தோர் மட்டும் வரிசையில் காத்திருக்கின்றனர். 32 கிலோபைட் அளவுள்ள பெரிய பக்கங்கள் பாதி பழையதும் பாதி புதியதுமாக நகலில் விழுந்துவிடக்கூடும் என்பதால், அவற்றை வட்டில் எழுதுவதும் அப்போது நிறுத்தப்படுகிறது.

அந்த இடைவெளியில் சேமிப்புக் கருவியின் ‘ஃபிளாஷ்காபி’ வசதி இயக்கப்படுகிறது. அது தரவை அப்போதே முழுமையாகப் படியெடுப்பதில்லை. எந்தப் பகுதி இன்னும் படியெடுக்கப்படவில்லை என்ற அட்டவணையை மட்டும் அமைத்துக்கொண்டு, மூலத்தில் ஒரு பகுதி மாறப்போகும் தறுவாயில் அதன் பழைய வடிவத்தை முதலில் நகலுக்கு அனுப்பிவிடுகிறது. அட்டவணை அமைந்ததும் ‘செட் லாக் ரெஸ்யூம்’ கட்டளையால் தடை நீக்கப்படுவதால், பல டெராபைட் தரவுக்கும் காத்திருப்பு மிகக் குறுகியதாகவே அமைகிறது.

கடினமான வேலை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது, ஏனெனில் இரட்டை மூலத்தின் பெயரையும் சுமந்துகொண்டே பிறக்கிறது. ஒவ்வொரு வட்டுக்கும் ஆறு எழுத்து அடையாளம் உண்டு. ஒரே அடையாளமுள்ள இரண்டு வட்டுகளை ஒரே கணினி ஏற்காது என்பதால், நகல் வட்டுகளுக்கு வேறு அடையாளம் எழுதப்பட வேண்டும். கோப்புகளின் பெயர்களும், அவற்றைச் சுட்டும் டிபி2 கேட்டலாக்கும் மாற்றப்பட வேண்டும். மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் ‘பூட்ஸ்ட்ராப் டேட்டாசெட்’ என்னும் சிறிய கோப்பு. குறிப்பேடு எந்தெந்தக் கோப்புகளில் இருக்கிறது என்ற பட்டியல் அதில் இருப்பதால், அதைத் திருத்தாமல் நகலை எழுப்பினால், அது மூலத்தின் குறிப்பேட்டையே திறக்க முயலும். இரண்டு கணினிகள் ஒரே வட்டுகளைப் பகிரும் இடத்தில் அதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை.

திருத்தங்கள் முடிந்து எழும் நகல், மின்சாரம் திடீரென அறுந்து மீண்ட கணினியைப் போலவே நடந்துகொள்கிறது. உறுதி செய்யப்பட்ட மாற்றங்களைக் குறிப்பேட்டிலிருந்து மீண்டும் எழுதி, பாதியில் நின்றவற்றை ரத்து செய்கிறது. நிறுத்திய நொடியில் அந்த 5,000 ரூபாய் வழியில் இருந்திருந்தால், மூலத்தில் அது உரியவரைச் சேர்ந்துவிட, நகலில் புறப்பட்ட கணக்குக்கே திரும்பிவிடும். அக்கணம் முதல் இரண்டின் வரலாறும் வேறுவேறு.

ஆயினும் நகலில் இருப்பவை உண்மையான மனிதர்களின் பெயர்கள், முகவரிகள், கணக்கு எண்கள். சோதனைக்கான நகல்தானே என்று அவற்றை அப்படியே நிரலாளர்களிடம் ஒப்படைப்பது, வாடிக்கையாளர் வங்கியின்மீது வைத்த நம்பிக்கைக்குச் செய்யும் துரோகம். அவை மறைக்கப்பட்டே ஆகவேண்டும். ஒருவரது கணக்கு எண் தரவுத்தளத்தின் பல அட்டவணைகளில் வருமாதலால், எல்லா இடங்களிலும் அது ஒரே போலி எண்ணாக மாறியாக வேண்டும். ஓரிடத்தில் தவறினாலும் அட்டவணைகளுக்கு இடையிலான தொடர்பு அறுந்து, அந்த நகலில் செய்யும் சோதனை பயனற்றதாகிவிடும். மூலத்தில் காத்திருந்தவர்கள் தம் வேலையை முடித்துச் சென்று நெடுநேரமான பின்னரும் இந்த மறைப்புப் பணி நகலில் தொடர்ந்துகொண்டிருக்கும்.