கரைவெட்டி நீர்த்துளியும் கணினி நிரலும்

கொள்ளிடக் கரையில், திருமானூரில் இக்கருத்தரங்குக்காகக் கூடியிருக்கிறோம்.

நம் வட்டாரத்துப் பிள்ளைகளில் பலர் பிளஸ் டூவில் பியூர் சயின்ஸ் குரூப் எடுத்தவர்கள். கணக்குப் பாடம் பத்தாம் வகுப்போடு நின்றது. கணினிப் பாடம் தொடங்கவே இல்லை. அவர்கள்தாம் பி.எஸ்சி. விலங்கியலுக்கும் தாவரவியலுக்கும் வருகிறார்கள், பல வீடுகளில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளாக. இன்றைய உயிரியலோ மரபணு வரிசைகளையும் ஆயிரக்கணக்கான நுண்ணோக்கிப் படங்களையும் கணினியில் கையாளும் துறையாகிவிட்டது. நிரல் எழுதத் தெரியாதவர் மாதிரி சேகரித்துக் கொடுப்பவராகவே நின்றுவிடுவார். இதை நான் அநீதி என்றே சொல்வேன்.

இந்தத் தடையைத் தாண்ட ஒரு வழி உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாக ஆய்வாளர்கள் 2021இல் 'பிக்ரோஸ்கோப்' என்ற கருவியை அறிமுகப்படுத்தினார்கள். ராஸ்பெரி பை என்னும் சிறு கணினிகளும் கேமராக்களும் சேர்ந்து, 24 குழிகள் கொண்ட வளர்ப்புத் தட்டு முழுவதையும் ஒரே நேரத்தில் படமெடுத்து இணையத்தில் ஏற்றும். இப்படித் தொலைவிலிருந்து இயக்கும் நுண்ணோக்கிகளைக் கொண்டு, வசதி குறைந்த, லத்தீன் அமெரிக்கப் பின்னணி கொண்ட மாணவர்களுக்கு உயிரியல் கற்பித்ததை 2022இல் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். நம் நாட்டிலும் கல்வி அமைச்சகத்தின் மெய்நிகர் ஆய்வகத் திட்டத்தில் அமிர்தா பல்கலைக்கழகம் தொலைவிலிருந்து இயக்கும் நுண்ணோக்கியை அமைத்திருக்கிறது.

இத்தகைய நுண்ணோக்கிக்கு, மணிக்கொரு படம் எடு என்று ஒரு மாணவி லூப் (திரும்பத் திரும்ப இயங்கும் கட்டளை) எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் 24 படங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் அசையும் உயிர்கள் எத்தனை என்று எண்ண நிபந்தனை வாக்கியம் வேண்டியிருக்கிறது, அதையும் எழுதுகிறாள். எண்ணிக்கை தப்பினால், தவறு எங்கே என்று தேட அவளுடைய விலங்கியல்தான் கைகொடுக்கிறது. எது சைக்ளாப்ஸ் என்னும் சிறு நீருயிர், எது தூசி என்பது பொறியியல் படித்தவருக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். மாறாக, பகா எண்ணிலும் வட்டிக் கணக்கிலும் தொடங்கும் நிரல் வகுப்பு அவளை முதல் வாரத்திலேயே விரட்டிவிடும்.

இப்படிக் கற்க நமக்குக் கரைவெட்டி ஏரி இருக்கிறது. புள்ளம்பாடி வாய்க்கால் நீர் வந்து சேரும் அந்தப் பறவைகள் சரணாலயம் ராம்சார் உடன்படிக்கையின்படி பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. வரித்தலை வாத்து நாடி வரும் ஏரியின் நீரில் மிதவையுயிரிகள் மாதந்தோறும் எப்படி மாறுகின்றன என்பதை, ஒரு கல்லூரியில் வைத்த நுண்ணோக்கி வழியாகப் பல கல்லூரிகள் தொடர்ந்து பார்க்கலாம். சேற்றில் இறங்கி வலை வீசும் வேலையை இது குறைக்காது, குறைக்கவும் கூடாது. மடிக்கணினி இல்லாத பிள்ளை கைப்பேசியிலேயே பைத்தான் மொழியில் நிரல் எழுதிப் பழகலாம். ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுட்டோரியல் பாடங்கள் தமிழிலும் கிடைக்கின்றன.

மதிப்பெண் இல்லாத பாடத்துக்கு நம் கால அட்டவணையில் இடம் கிடைப்பதில்லை. ஆகவே, விலங்கியல், தாவரவியல் செய்முறைத் தேர்வில் நிரலுக்கும் மதிப்பெண் ஒதுக்கக் கோரும் தீர்மானத்தை நிறைவேற்றி, பாரதிதாசன் பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவுக்கு அனுப்புமாறு இந்த அவையைக் கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.