காட்டுக்கு யார் காவல்?

பூங்கா என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் எழுவது எது? ஒழுங்காக வெட்டிய புல்தரையும், பாத்தி கட்டி வளர்த்த பூச்செடிகளும், மாலை வேளையில் காற்று வாங்க வருவோர் அமரும் பெஞ்சுகளுமே. 'தேசியப் பூங்கா' என்பது இதற்கு முற்றிலும் மாறானது. அங்கே பூச்செடி வளர்ப்பாரும் இல்லை. விழுந்த மரத்தை விறகுக்கு வெட்டுவாரும் இல்லை. பலம் பொருந்திய மனிதன், தன் பலத்தை ஓரிடத்தில் மட்டும் பயன்படுத்துவதில்லை என்று தானே தனக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாடு அது.

இன்று நான் உங்களிடம் பேச எடுத்துக்கொண்ட பொருள், நம் நாட்டின் தேசியப் பூங்காக்களும் சரணாலயங்களும். அவற்றின் பெயர்களையும் பரப்பளவையும் வரிசையாக ஒப்பிப்பது என் நோக்கமன்று. அவற்றை நூல்களில் நீங்களே படித்துக்கொள்ளலாம். ஒரே ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஒரு காட்டைக் காப்பாற்றுவது எது? சட்டமா, வேலியா, துப்பாக்கி ஏந்திய காவலரா, அல்லது இவற்றுக்கும் மேலாக ஏதேனும் ஒன்றா?

காட்டையும் விலங்கையும் காக்க வேண்டும் என்ற எண்ணம் இந்நாட்டுக்குப் புதியதன்று. விலங்குகளுக்கு அபயம் அளிக்கும் வனங்களைப் பற்றி அர்த்தசாஸ்திரம் பேசுகிறது. கொல்லத்தகாத உயிர்கள் இவை என்று ஒரு பட்டியலையே அசோகர் தம் தூணில் பொறித்துவைத்தார். ஆயினும், ஒரு நிலப்பரப்பை எல்லை வகுத்துத் தேசியப் பூங்கா என்று அறிவிக்கும் முறை 1872ஆம் ஆண்டு அமெரிக்காவில், எல்லோஸ்டோன் என்னும் இடத்தில் தொடங்கியது. இந்தியாவில் அதன் முதல் வித்து 1936ஆம் ஆண்டு, இமயமலை அடிவாரத்தில் ஊன்றப்பட்டது. அன்று ஹெய்லி தேசியப் பூங்கா என வழங்கிய அவ்விடம், இன்று ஜிம் கார்பெட்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிப் புகழ் பெற்று, பின்னர் புலிகளைக் காக்கவேண்டும் என்று வாதாடியவர் அவர்.

1972ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு, 1973இல், அதே கார்பெட் பூங்காவில் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. இன்று நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட தேசியப் பூங்காக்களும், ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சரணாலயங்களும் இருக்கின்றன. இவை யாவும் சேர்ந்து நாட்டின் நிலப்பரப்பில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே ஆகும்.

சரணாலயத்துக்கும் தேசியப் பூங்காவுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே சொல்லிவிட வேண்டும். சரணாலயத்தில், அதிகாரிகளின் அனுமதி பெற்று, சுற்றுப்புற மக்கள் மாடு மேய்த்தல் போன்ற சில உரிமைகளைத் தொடரலாம். தேசியப் பூங்காவில் அதற்கு இடமில்லை. கால்நடை அதன் எல்லைக்குள் கால் வைத்தலாகாது. காகிதத்தில் இஃது ஒரு வரி. ஆனால் எல்லைக் கல்லின் அருகே குடியிருப்பவனுக்கு அந்த ஒரு வரிதான் வாழ்வு.

சட்டத்தின் பயனை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2006ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியக் காடுகளில் வாழ்ந்த புலிகள் 1,411 என மதிப்பிடப்பட்டன. 2022ஆம் ஆண்டில் அந்த மதிப்பு 3,682 ஆக உயர்ந்தது. கணக்கெடுக்கும் முறை திருந்தியதும், புதிய இடங்கள் கணக்கில் சேர்ந்ததும் இதற்கு ஓரளவு காரணமாகலாம். எனினும், சட்டமும் காவலும் இல்லாதிருப்பின் இந்த உயர்வு கிட்டியிராது.

ஆனால் சட்டம் மட்டும் போதுமா? ராஜஸ்தானத்தில் சரிஸ்கா என்றொரு காடு உண்டு. 1978 முதல் அது புலிகள் காப்பகம். அங்கே சட்டம் இருந்தது, எல்லை இருந்தது, அதிகாரிகள் இருந்தனர், புலிகள் இருப்பதாகக் கணக்கும் இருந்தது. 2005ஆம் ஆண்டில் தேடிப் பார்த்தபோது, அக்காட்டில் ஒரு புலிகூட இல்லை என்பது உறுதியாயிற்று. கள்ள வேட்டைக்காரர்கள் எல்லாவற்றையும் கொன்றுவிட்டனர். 2008ஆம் ஆண்டில், ரண்தம்போர்க் காட்டிலிருந்து புலிகளைக் கொணர்ந்து மீண்டும் அங்கே குடியேற்ற வேண்டியதாயிற்று. ஒரு காட்டிலிருந்து புலிகள் ஒவ்வொன்றாக மறையும்போது, அக்காட்டின் ஓரத்தில் ஆடு மாடு மேய்ப்பவனுக்கு அது தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் அவன் வாய் திறவாதிருந்தால், அந்தக் காட்டை அவன் தன்னுடையதாகக் கருதவில்லை என்றுதானே பொருள்?

அதே ராஜஸ்தானத்திலுள்ள பரத்பூருக்கு இப்பொழுது உங்களை அழைத்துச் செல்கிறேன். அங்கே கேவலாதேவ் என்னும் பறவைப் பூங்கா இருக்கிறது. ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்பே உள்ள அந்த ஈரநிலம், இயற்கையாக அமைந்த ஏரியன்று. மனிதர் கரை கட்டித் தண்ணீரைத் திருப்பி உண்டாக்கியது. பரத்பூர் மன்னர்களின் வேட்டைக்களமாக அது விளங்கிற்று. எந்த நாளில் எந்தப் பிரபு வந்து எத்தனை பறவைகளைச் சுட்டார் என்ற கணக்கைப் பொறித்த கற்பலகைகள் அங்கே நிற்பதை நான் கண்டிருக்கிறேன். 1938ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், வைசிராய் லின்லித்கோ பிரபுவும் அவருடன் வந்தவர்களும் சுட்டு வீழ்த்தியவை 4,273 பறவைகள்! பெருமைக்கென்று பொறித்த எண்ணை இன்று படிப்பவர் நாணுகின்றனர். ஒரு கல் மாறாமல் நிற்க, அதைப் படிக்கும் மனித மனம் மாறியிருக்கிறது.

அந்த வேட்டைக்களம் தேசியப் பூங்காவாக மாறியது நன்றே. ஆனால் சட்டப்படி 1982இல் அங்கே மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. சுற்றுப்புறக் கிராமங்களின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக அந்த ஈரநிலத்தில் இறங்கிப் புல் மேய்ந்து வந்தவை. கிராமத்தார் எதிர்த்தனர், கலகம் மூண்டது, துப்பாக்கிச் சூட்டில் சிலர் உயிரிழந்தனர். எருமைகள் வெளியேறின. பறவைகள் பெருகியிருக்க வேண்டுமன்றோ? நடந்தது வேறு. தண்ணீரின் மீது படரும் ஒருவகைப் புல், மேய்வார் இல்லாமையால் மண்டி வளர்ந்து நீர்ப்பரப்பையே மூடத் தலைப்பட்டது. மீன்கள் குறைந்தன. திறந்த நீரில் நீந்தி இரை தேடும் பறவைகளுக்கு இடம் சுருங்கியது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் அங்கே நடத்திய நீண்டகால ஆராய்ச்சி இதைத் தெளிவாக்கிற்று. எருமையைப் பகை என்று எண்ணினோம். அது பறவைகளுக்குக் குளத்தைத் திறந்துவைத்த துணையாக இருந்திருக்கிறது. பின்னர் கிராமத்தார் உள்ளே சென்று புல்லை அறுத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டனர்.

இதிலிருந்து, எல்லாக் காடுகளிலும் மாடு மேயட்டும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மேய்ச்சலால் அழிந்த காடுகளும் உண்டு. ஓரிடத்துக்குப் பொருந்துவது மற்றோரிடத்துக்குப் பொருந்தாது. தடை விதிக்கும் முன்னர் அந்த நிலத்தை ஆராய வேண்டும். அந்த நிலத்தோடு நெடுங்காலம் பழகியவர்களையும் கேட்க வேண்டும். பரத்பூரில் கேட்கத் தவறியதற்கு மனிதரும் விலை கொடுத்தனர். பறவைகளும் விலை கொடுத்தன.

கேட்டுச் செய்தால் என்ன விளையும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. செங்கற்பட்டை அடுத்த வேடந்தாங்கலை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். முப்பது ஹெக்டேர் அளவேயுள்ள சிறிய ஏரி அது. பருவம் வந்ததும் நீர்க்கடம்ப மரங்களில் நத்தைகுத்தி நாரையும், நீர்க்காகமும், அரிவாள் மூக்கனும், கூழைக்கடாவும் கூடு கட்டுகின்றன. அந்தப் பறவைகளைப் பாதுகாக்க வேண்டும் என்று முதலில் சொன்னவர் எந்த அதிகாரியும் அல்லர், ஊர் மக்களே. வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதை எதிர்த்து அவர்கள் முறையிட்டதாகவும், 1798ஆம் ஆண்டில் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுடைய காவல் உரிமையை ஒப்புக்கொண்டு எழுதிக்கொடுத்ததாகவும் அவ்வூர் வரலாறு கூறுகிறது. எல்லோஸ்டோன் பூங்காவாவதற்கு முக்கால் நூற்றாண்டு முற்பட்ட செய்தி இது!

வேடந்தாங்கல் மக்களின் அன்புக்குக் காரணமும் உண்டு. பறவைகளின் எச்சம் ஏரி நீரில் கலக்கிறது. அந்நீர் பாயும் வயல்கள் உரமேறிச் செழிக்கின்றன. பறவையால் தனக்கு வரும் நன்மையை உழவன் கண்ணால் காண்கிறான். நன்மை அறிந்த இடத்தில் அன்பு பிறப்பது இயல்பே. அந்த அன்பு நாளடைவில் வழக்கமாகி, நன்மையைக் கணக்குப் பாராத நிலைக்கும் உயர்கிறது. சிவகங்கைச் சீமையில், வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டியுள்ள கொள்ளுகுடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சிவிடும் என்பதற்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பட்டாசு வேண்டும் என்று அடம் பிடிக்கும் குழந்தைகள் அவ்வூரிலும் இருப்பார்கள் அல்லவா? அந்தக் குழந்தைகளையும் இணங்கச் செய்த காவலை எந்தச் சட்டத்தால் விதிக்க முடியும்?

மற்றொரு செய்தியையும் நீங்கள் நினைவில் இருத்த வேண்டும். எல்லைக் கல்லில் எழுதியிருப்பதை விலங்குகள் படிப்பதில்லை. பரத்பூருக்குக் குளிர்காலத்தில் வந்துகொண்டிருந்த சைபீரியக் கொக்கு 2002ஆம் ஆண்டுக்குப் பிறகு அங்கே வரவில்லை. பல்லாயிரம் கிலோமீட்டர் நீண்ட அதன் வழியில் வேட்டையும், ஈரநிலங்களின் அழிவும் அதற்குக் காலனாயின. வந்து சேரும் இடத்தை மட்டும் காத்து, வழியைக் கைவிட்டால் பயணி எவ்வாறு வந்து சேர்வான்?

அஸ்ஸாமிலுள்ள காசிரங்காவிலும் இதே பாடம்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகங்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே எஞ்சியிருந்தன. 2022ஆம் ஆண்டுக் கணக்கில் அவை 2,613. ஆண்டுதோறும் பிரம்மபுத்திரா பெருக்கெடுத்து அந்தப் பூங்காவினுள் புகுகிறது. அவ்வெள்ளம் அழிவு மட்டுமன்று; புல்வெளிக்கு வண்டலையும் நீர்நிலைகளுக்குப் புத்துயிரையும் அதுவே அளிக்கிறது. ஆனால் வெள்ளம் ஏறும்போது யானையும் மானும் காண்டாமிருகமும் தெற்கேயுள்ள கார்பி மலைகளின் மேட்டுநிலத்துக்கு ஏற வேண்டும். இடையே குறுக்கிடுவது ஒரு தேசிய நெடுஞ்சாலை. வெள்ள நாட்களில் அச்சாலையில் நுழையும் வண்டிகளுக்கு நேரம் குறித்த சீட்டு ஒன்றைத் தருகிறார்கள். மறுமுனைக்குக் குறித்த நேரத்துக்கு முன்பே வந்து சேர்ந்தால், வேகமாக ஓட்டியதற்கு அபராதம்! ஒரு மான்கூட்டம் சாலையைக் கடப்பது, முகம் அறியாத ஒரு லாரி ஓட்டியின் பொறுமையைச் சார்ந்திருக்கிறது. காசிரங்காவின் எல்லை காகிதத்தில் எங்கே முடிந்தாலும், அதன் உயிர் அந்த மலைச்சரிவிலும் அந்தச் சாலையிலும் இருக்கிறது.

காட்டின் உள்ளேயே வாழ்கிறவர்களைப் பற்றி என்ன சொல்வது? கர்நாடகத்துப் பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர் என்னும் பழங்குடியினர் காலங்காலமாக வாழ்கின்றனர். தேனும் நெல்லிக்கனியும் சேகரிப்பது அவர்கள் தொழில். வனத்தில் வாழ்வோரின் உரிமைகளை ஏற்று 2006ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2011இல் அவர்களுக்குச் சமுதாய வன உரிமை வழங்கப்பட்டது. அவ்விடம் புலிகள் காப்பகமும் ஆகும். புலியும் மனிதனும் ஒரே மலையில் வாழ்வது எளிதா என்றால், எளிதன்று. ஆனால் அந்த மலையின் ஒவ்வொரு பாறைக்கும் ஓடைக்கும் பெயர் வைத்திருப்பவர்களை வெளியே அனுப்பிவிட்டு, அதே பாறைகளை அடையாளம் காட்ட வெளியூரிலிருந்து ஆள் அமர்த்துவது அறிவுடைமை ஆகுமா?

என் கேள்விக்கு வருகிறேன். காட்டுக்குச் சட்டம் வேண்டும், காவலரும் வேண்டும். விலங்குகள் இடையூறின்றி இனம் பெருக்க, மனிதன் புகாத நடுப்பகுதியும் வேண்டும். ஆனால் இவற்றையெல்லாம் தாங்கும் அடித்தளம், எல்லைக்கு இப்பால் வாழும் மக்களின் மனமுவந்த இணக்கமே. அதைப் பெற வேண்டுமானால் அதன் விலையை நாடு முழுவதும் பகிர்ந்துகொள்ள வேண்டும். யானை வாழ வேண்டும் என்று விரும்புகிறவர்கள் நகரத்திலும் இருக்கிறார்கள். யானை மிதித்த கரும்பு மட்டும் ஓர் ஏழை உழவனுடையதாக இருக்கிறது. அவனுக்கு உரிய ஈடு காலத்தில் கிடைக்கவில்லை என்றால், காட்டைக் காக்கும் பெருமை நமக்கும், அதன் செலவு அவனுக்கும் என்று ஆகிவிடுகிறது. இது நீதியன்று, நீதியற்றது நெடுநாள் நிலைப்பதுமில்லை.

மாணவ நண்பர்களே! உங்கள் பள்ளியிலிருந்தோ கல்லூரியிலிருந்தோ ஒருநாள் முதுமலைக்கோ, காசிரங்காவுக்கோ உல்லாசப் பயணம் செல்வீர்கள். புலியைக் காண வேண்டும் என்று ஆசைப்படுவீர்கள். அந்த ஆசை நல்லதே. புலி கண்ணில் படாவிட்டால் மனம் தளர வேண்டாம். பூங்கா வாயிலுக்கு வெளியே ஒரு தேநீர்க் கடை இருக்கும். அங்கே அமர்ந்து, பக்கத்து வயலுக்கு உரியவரிடம், இந்த விளைச்சலில் எத்தனை இரவு பரண்மேல் கண்விழித்துக் காவல் இருந்தீர்கள் ஐயா என்று கேளுங்கள். வழிகாட்டி சொல்லாத பல செய்திகளை அவர் உங்களுக்குச் சொல்வார்.