வாயிற்படியும் சமத்துவமும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

பொதுத் தெருக்களில் எவ்வகுப்பினரும் நடக்கலாம் என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். பொதுக்குளத்து நீரைப் பருகும் உரிமைக்காக அண்ணல் அம்பேத்கர் 1927இல் மகாத் நகரில் மக்களைத் திரட்டினார். வாயிலுக்கு வெளியே நிறுத்தப்படும் வேதனையை நம்மினும் நன்கறிந்தவர் யார்?

ஆயினும் என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என் பள்ளியில் சக்கர நாற்காலியில் வரும் மாணவன் ஒருவன் பயின்றான். வகுப்பறைக்கு மூன்று படிகள். தோழர்கள் அவனைத் தூக்கிச் செல்வர். அதனை அன்பென்று மெச்சினேன். ஒருநாள் அவன், "ஐயா, தண்ணீர் குடித்தால் வெளியே போக வேண்டிவரும், மீண்டும் தூக்கச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அதனால் குடிப்பதில்லை" என்றான். குழாய் நிறைய நீர் இருந்தும் என் பிள்ளை தாகத்தோடு அமர்ந்திருந்தான்!

உடனே சாய்தளம் அமைக்க முற்பட்டோம். கொத்தனார் ஆறடி நீளத்தில் கட்டினார். நாற்காலி பின்னோக்கிச் சாய்ந்தது. ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பதே விதி. ஒன்றரையடி உயரத்திற்குப் பதினெட்டடி. இடித்துவிட்டு, இருபுறமும் கைப்பிடியுடன் மீண்டும் கட்டினோம். இன்று அவ்வழியே கருவுற்ற ஆசிரியை நடக்கிறார். பேரனை அழைக்க வரும் பாட்டி நடக்கிறார். சத்துணவு அரிசி மூட்டையும் அவ்வழியே செல்கிறது. ஒருவனுக்கென அமைத்தது அனைவர்க்கும் பயன்பட்டது.

இது கருணையன்று, உரிமை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பொதுக்கட்டடங்கள் அனைவரும் அணுகத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என்கிறது. அதற்கான தரங்கள் வெறும் பரிந்துரைகளாக நின்றுவிடாமல் கட்டாய விதிகளாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது.

இளைஞர்களே! ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் பணிபுரிவோர் உங்களுள் பலர். எந்திரத்தில் அடிபட்டால், சாலையில் விபத்து நேர்ந்தால், நாளை அப்படிகளின் முன் நிற்பவர் நாமாகவும் இருக்கலாம். உங்கள் தொழிற்கூடத்திலும், ஊராட்சி அலுவலகத்திலும், பேருந்து நிறுத்தத்திலும் சாய்தளம் உண்டா, கழிப்பறைக் கதவு சக்கர நாற்காலி நுழையும் அகலம் உடையதா என்று பாருங்கள். இல்லையெனில் எழுத்து மூலம் கேளுங்கள்.

முதலில் நம் இல்லத்தைத் திருத்துவோம். இச்சங்கக் கட்டடத்திற்கும் நான்கு படிகள் உள்ளன. மேடைக்கு வர இயலாமல் கீழேயே அமர்ந்திருக்கும் நம் மூத்த உறுப்பினர்களை இப்போதும் காண்கிறேன். வெள்ளி விழாவின் நினைவாகக் கல்வெட்டு வைப்பதற்கு முன் சாய்தளம் ஒன்று கட்டுவோம் என்று செயற்குழுவை வேண்டுகிறேன். என் ஒரு மாத ஊதியத்தை அதற்கு முதல் நன்கொடையாக அளிக்கிறேன்.