நடந்து வந்தவர்களின் குடியுரிமை
(மாநாட்டுத் தலைமை உரை)



இந்த மாநாட்டுக்குத் தலைமை ஏற்கும்படி அமைப்பாளர்கள் கேட்டபோது மகிழ்ச்சியும் தயக்கமும் ஒருசேர வந்தன. இந்த அரங்கில் இருப்பவர்களில் பலர் ஆவணக் காப்பகங்களில் என்னைவிட நெடுங்காலம் உழைத்தவர்கள். சிலர் எனக்குப் பாடம் சொன்னவர்கள். அவர்கள் முன் நின்று பேசக் கிடைத்ததைப் பெரும்பேறாகக் கருதுகிறேன். கூடவே நெஞ்சு சற்றுப் படபடக்கிறது என்பதையும் மறைக்கவில்லை.

போர், காலனியம், அரசியல், புலப்பெயர்வு என்பது நமக்குத் தரப்பட்ட பொருள். மலேயாத் தோட்டங்கள், சயாம் மரண ரயில், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எனப் பலவும் அமர்வுகளில் வரவிருக்கின்றன. நிகழ்ச்சி நிரலைப் பார்த்தாலே அதன் விரிவு தெரியும்; அதை நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை. எனக்குக் கிடைத்த நேரத்தைப் பர்மாவுக்கே தருகிறேன்.

பர்மாத் தமிழர் வரலாற்றை நாம் வழக்கமாக இரண்டு துண்டாக வெட்டி வைக்கிறோம். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பானியக் குண்டு விழுந்தது, மக்கள் நடந்தே ஓடிவந்தார்கள். இது போரின் கதை. 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார், 1964 மார்ச்சில் கடைகள் அரசுடைமையாயின, மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாமல் போயின, கப்பல் கப்பலாக மக்கள் சென்னையில் வந்து இறங்கினார்கள்; இது அரசியலின் கதை. முதலாவதை ராணுவ வரலாற்றாசிரியர்களும் இரண்டாவதை அகதி ஆய்வாளர்களும் எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பாகப்பிரிவினையை நான் ஏற்கவில்லை. 1964இல் நடந்ததற்கு 1942இலேயே அடித்தளம் போடப்பட்டது என்பதே என் வாதம். அதற்குரிய சான்று பர்மாவின் 1947ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் இருக்கிறது.

அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு யார் பர்மாவின் குடிமக்கள் என்று சொல்கிறது. அதன் நான்காவது உட்பிரிவுதான் நம்மவர்களைத் தொடுவது. பிரிட்டிஷ் முடியாட்சிக்கு உட்பட்ட நிலப்பகுதியில் பிறந்தவர், பத்து ஆண்டுகளில் எட்டு ஆண்டுகளாவது பர்மாவில் வாழ்ந்திருந்து, அங்கேயே நிலைத்திருக்க எண்ணினால், குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம். பத்து ஆண்டுகளை எங்கிருந்து எண்ணுவது? 1948 ஜனவரி 4 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளாக இருக்கலாம். அல்லது 1942 ஜனவரி 1க்கு முந்தைய பத்து ஆண்டுகளாக இருக்கலாம்.

இந்த இரண்டாவது தேதியைத்தான் நாம் போதிய அளவு கவனிக்கவில்லை. போர் மக்களைப் பெயர்த்தெறிந்தது என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். அதற்கு இடம்விட்டுத்தான் எழுதினார்கள்.

ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். 1925இல் கப்பலேறி ரங்கூன் அரிசி ஆலையில் வேலைக்குச் சேர்கிறார். 1942 பிப்ரவரியில் நடக்கத் தொடங்குகிறார். போர் முடிந்து, 1946 நடுவில் திரும்பிப் போகிறார். 1948 ஜனவரியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் பத்து ஆண்டுகளில் ஆறுகூடத் தேறாது. 1942 ஜனவரியிலிருந்து எண்ணினால், நடுவில் ஊருக்கு வந்து தங்கிய காலம் மொத்தம் இரண்டு ஆண்டுகளைத் தாண்டாதவரை, அவர் தகுதியுடையவர். சட்டம் அவருக்குக் கதவைத் திறந்தே வைத்திருந்தது. ஆனால் 1932 முதல் 1942 வரை அவர் அங்கே இருந்தார் என்பதற்கு என்ன அத்தாட்சி? வேலைக்குச் சேர்த்தது மேஸ்திரி, சம்பளக் கணக்கு மேஸ்திரியிடம், படுத்திருந்த கூலி லைன் வேறொருவர் பெயரில். கையில் ஏதாவது சீட்டு இருந்திருந்தாலும், அது சிண்ட்வின் ஆற்றைக் கடந்து, கபாவ் பள்ளத்தாக்கின் மலேரியாவைத் தாண்டி, தாமுவிலிருந்து மலையேறிப் பலேல் வந்து சேர்ந்திருக்குமா? காலராவில் செத்தவர்களை வழியோரம் விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள்.

குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமல் இருந்தவர்கள் ஏராளம் என்பதும் உண்மைதான். குடும்பம் ஊரில், பிழைப்பு பர்மாவில் என்று இருந்தவர்களுக்கு அந்த முடிவு எளிதாக இருந்திருக்காது. இதைக் காட்டித்தான், 'அவர்களே வேண்டாமென்று விட்டார்கள்' என்று நம் துறையில் மதிப்புக்குரிய ஒருவர் எழுதினார். அவருடைய உழைப்பின் மேல் எனக்குள்ள மரியாதை குறையாது. ஆனால் விருப்பமில்லாமல் விட்டவரையும் அத்தாட்சி இல்லாமல் விட்டவரையும் ஒரே பட்டியலில் சேர்க்க அவருக்கு எது இடம் கொடுத்தது என்று கேட்கிறேன். இருவரும் வெளிநாட்டவர் பதிவுச் சான்றிதழோடுதான் அதன்பின் வாழ்ந்தார்கள். 1964இல் இருவருக்கும் கிடைத்தது ஒரே கப்பல்.

போர்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பவர்களுக்கும் ஒரு சொல். 1931 கணக்கெடுப்பில் பர்மாவில் இந்தியர் 10 லட்சத்துக்குச் சற்று மேல். ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர். 1930 மே மாதத் துறைமுகக் கலவரம், 1937இல் இந்தியாவிலிருந்து பர்மா பிரிந்தது, 1938 கலவரம், இந்தியர் குடிநுழைவு பற்றிய பாக்ஸ்டர் அறிக்கை, 1941ஆம் ஆண்டின் இந்திய–பர்மாக் குடிநுழைவு ஒப்பந்தம், இத்தனையும் குண்டு விழுவதற்கு முந்தியவை. குண்டு விழுந்த பிறகும், வேலைக்குத் திடமான இந்திய ஆண்களுக்குக் கப்பலில் டெக் டிக்கெட் கொடுக்கக் கூடாதென்று ஒரு கட்டத்தில் தடை வந்தது. துறைமுகம் நின்றுவிடக் கூடாதே! நடந்து வந்த வழியிலும் வெள்ளையர்க்கு ஒரு நீதி, இந்தியர்க்கு ஒரு நீதி என்று காந்தி வெளிப்படையாகவே சாடினார். இந்தியாவுக்கு வந்துசேர்ந்தவர்கள் 4 லட்சத்துக்கும் மேல் என்கிறோம். வழியில் மாண்டவர்கள் 10,000 பேரா, 50,000 பேரா என்பது இன்றும் தீராத வழக்கு. முகாமை எட்டியவரைத்தான் பதிவேடு எண்ணியது.

இனி, நாம் புறக்கணித்த ஒரு நூலைப் பற்றி. ரங்கூனில் 'ஜோதி' இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா தம் மனைவி மங்களத்தோடு 1942இல் நடந்து வந்தவர். அதை 'எனது பர்மா வழி நடைப் பயணம்' என்று எழுதியும் வைத்தார். வரலாற்றாசிரியர் ஹியூ டிங்கர் இந்த வெளியேற்றத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையை நாம் மேற்கோள் காட்டாத ஆய்வேடு இல்லை. சர்மாவை மேற்கோள் காட்டும் ஆய்வேடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். முன்பு ஒரு கருத்தரங்கில் நான் இதை எழுப்பியபோது, 'அது பயண இலக்கியம், இலக்கியத் துறையினர் பார்த்துக்கொள்வார்கள்' என்றார் ஒரு நண்பர். முகாம் அதிகாரியின் குறிப்பு ஆவணம், நடந்தவரின் எழுத்து இலக்கியம் என்ற இந்தப் பாகுபாட்டை எந்த முறையியல் நமக்குக் கற்றுத் தந்தது?

சர்மா படித்தவர், பத்திரிகையாசிரியர். ஆலைத் தொழிலாளியின் அனுபவத்துக்கு அவரைப் பிரதிநிதியாக்க முடியாது. அதனால்தான் அவரை மற்றத் தடயங்களோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்கிறேன். பர்மாவில் வட்டித்தொழில் நடத்திய செட்டியார்கள் வரலாறு நமக்கு விரிவாகக் கிடைப்பதற்குக் காரணம் அவர்களிடம் பேரேடு இருந்ததுதான். 1930இல் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 6 விழுக்காடாக இருந்த அவர்கள் நிலவுடைமை 1930களின் இறுதியில் 25 விழுக்காடானது என்று துல்லியமாகச் சொல்ல முடிகிறது. அந்த நிலத்தை இழந்த பர்மிய உழவரையும், அந்த நெல்லைக் குத்திய தமிழ், தெலுங்குக் கூலிகளையும் பற்றி அதே துல்லியத்தோடு பேச முடிகிறதா? கிடைத்த காகிதத்தின் அளவுக்கு வரலாற்றைச் சுருக்கிக்கொண்டோம்.

மணிப்பூரின் எல்லை ஊரான மோரேயையும் நினைவூட்டுகிறேன். 1960களில் தமிழகம் திரும்பி, இங்கே காலூன்ற முடியாமல், மறுபடி பர்மாவுக்கே போக மணிப்பூர் வழியாகக் கிளம்பியவர்கள் எல்லையில் தடுக்கப்பட்டு மோரேயில் தங்கிவிட்டார்கள். அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் கட்டினார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பது தாமு. 1942இல் இந்தியாவை நோக்கி நடந்த அதே பாதையில், இருபது சொச்சம் ஆண்டுகள் கழித்து எதிர்த்திசையில் போயிருக்கிறார்கள். போரின் கதை வேறு, அரசியலின் கதை வேறு என்பவர்கள் இந்தப் பாதையை எந்த அத்தியாயத்தில் வைப்பார்கள்?

வியாசர்பாடியிலும் காரைக்குடி பர்மா காலனியிலும் தகரப் பெட்டிகளில் பதிவுச் சான்றிதழ்களும் கப்பல் சீட்டுகளும் இன்னும் கிடக்கின்றன. வைத்திருப்பவர்களுக்கு எண்பது வயதாகிறது. மாநாட்டுத் தீர்மானங்களில் முதலாவதாக அவற்றைப் படியெடுக்கும் பணி இடம்பெற வேண்டும் என்று முன்மொழிகிறேன். பெட்டியை வாங்கி வர வேண்டாம். அது அந்த வீட்டிலேயே இருக்கட்டும், படி மட்டும் நமக்குப் போதும்.

முதல் அமர்வின் கட்டுரைச் சுருக்கத்தைப் படித்தேன். 1942ஐப் போர்க்கால இடர் என்று அதன் ஆசிரியர் வகைப்படுத்தியிருக்கிறார். அவர் இங்கே அமர்ந்திருக்கிறார். கட்டுரையை வாசித்து முடித்ததும், 1942 ஜனவரி 1 என்ற தேதி ஒரு நாட்டின் குடியுரிமைப் பிரிவில் ஏன் இடம்பெற்றது என்பதற்கு அவர் விளக்கம் தர வேண்டும். அவரை மேடைக்கு அழைக்கிறேன்.