கரடிப் பொம்மை செய்த குறும்பு

நாலு வயதுக் குழந்தையின் முன் பொத்தான்களைச் சம எண்ணிக்கையில் இரண்டு வரிசையாக அடுக்குங்கள். "ரெண்டும் சமமா?" என்றால் "ஆமாம்" என்று சொல்லும். அதன் கண்ணெதிரிலேயே ஒரு வரிசையை இடைவெளி விட்டு நீட்டிவைத்து மறுபடி கேளுங்கள். நீண்ட வரிசையில்தான் அதிகம் என்று பெரும்பாலும் சொல்லிவிடும். ஏழு வயதை ஒட்டித்தான் இதில் தெளிவு பிறக்கிறது என்றார் சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே.

1970-களில் ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் மெக்காரிகிளும் மார்கரெட் டொனால்ட்சனும் இதையே சற்று மாற்றிச் செய்தார்கள். இந்தமுறை வரிசையைக் கலைத்தது பெரியவர் அல்ல, பெட்டியிலிருந்து ஓடிவந்த ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மை. நாலிலிருந்து ஆறு வயதுக் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் "சமம்தான்" என்றார்கள்!

ஏன் இந்த மாற்றம்? பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே மாற்றி வைத்துவிட்டு, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டால், வேறு பதிலை எதிர்பார்க்கிறார் என்று குழந்தை எடுத்துக்கொள்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். எண்ணிக்கையோடு கேட்பவரின் மனதையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறது அந்தப் பிஞ்சு மூளை. எனக்கு இது பெரிய வியப்பு. சரியான விடை சொன்ன பிள்ளையிடம் "நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றால், சட்டென்று விடையை மாற்றுகிறதே, அங்கும் நடப்பது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.